ஈரல் நோயும் நம் கடைவாசலும்

 

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றின் மண்டபத்தில் சுகாதாரக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. கல்லூரி மாணவர்களும் மாணவிகளுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நடத்தினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னதாக அவர்களில் இருவர் என் மளிகைக் கடைக்கு வந்து, "அங்கிள், இந்த விளம்பரத் தாளைக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாமா?" என்று பணிவுடன் கேட்டார்கள். தாளில் ஈரலின் படமும், ஹெப்பாட்டைட்டிஸ் என்ற நோயின் பெயரும், இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோளும் இருந்தன. நான் மறுத்துவிட்டேன். நோயின் பெயரைச் சுவரில் கண்டால் சாமான் வாங்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதே என் கவலை. அவர்கள் முகம் கோணாமல், "பரவாயில்லை அங்கிள், நீங்களாவது வாருங்கள்" என்று சொல்லிச் சென்றார்கள்.

அந்தச் சொல் மனத்தை உறுத்தியபடியால் நான் அக்கூட்டத்துக்குப் போனேன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. நான் வைத்தியம் கற்றவனல்லன். ஆயினும் அங்கே கேட்டதையும், பின்னர் வைத்தியர்களிடம் விசாரித்தும் படித்தும் அறிந்ததையும் நம்மவர்களுக்கு ஒரு பாடமாக எழுதுவது கடமை என்று தோன்றிற்று. ஏனெனில், இந்நோயைப் பற்றிய தப்பெண்ணங்களில் பாதி நம் கடைகளில்தான் பரிமாறப்படுகின்றன.

பெயர் ஒன்று, நோய் ஐந்து

ஈரல் என்பது வயிற்றின் மேற்பகுதியில், வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும் பெரிய உறுப்பு. அதை நம் கிட்டங்கிக்கு ஒப்பிடலாம். வந்திறங்கும் சரக்கைப் பிரித்து அடுக்கி, கெட்டதை ஒதுக்கி, வேண்டும்பொழுது எடுத்துக் கொடுப்பது கிட்டங்கியின் வேலை. உண்ட உணவின் சத்தைச் சேர்த்து வைத்து, நஞ்சை ஒதுக்கி, சரீரத்துக்கு வேண்டியபோது கொடுப்பது ஈரலின் வேலை. அந்த ஈரல் அழற்சி கொண்டு வீங்குவதற்கே ஹெப்பாட்டைட்டிஸ் என்று பெயர். மதுவாலும் சில மருந்துகளாலும்கூட அது உண்டாகலாம். எனினும் பெரும்பாலும் அதற்குக் காரணம் ஏ, பி, சி, டி, இ என்னும் ஐந்து வகைக் கிருமிகளே.

நாம் மஞ்சட்காமாலை என்று சொல்வது இந்நோயின் ஓர் அடையாளமே தவிர, அதுவே நோயன்று. கண் மஞ்சளாகாமலே ஈரல் கெட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஏ, இ ஆகிய இரண்டும் அசுத்தமான நீராலும் உணவாலும் வருபவை. 1955ஆம் ஆண்டின் முடிவில் டில்லி மாநகரில் யமுனை நீரில் சாக்கடை கலந்து, அது குடிநீர்க் குழாய்களில் புகுந்தது. அதனால் 29,000 பேருக்கு மேல் மஞ்சட்காமாலை கண்டது. அது இ வகைக் கிருமியின் வேலை என்பது பல்லாண்டு கழித்தே தெரியவந்தது. இவ்விரு வகைகளும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். ஆனால் இ வகை கர்ப்பிணிப் பெண்களுக்கு மிகவும் ஆபத்தானது.

பி, சி ஆகிய இரண்டும் இரத்தத்தின் வழியே பரவுபவை. டி என்பது பி வகை உள்ளவரையே பற்றும். பி, சி கிருமிகள் உள்ளே புகுந்தபின் இருபது முப்பது ஆண்டுகள் யாதொரு தொந்தரவும் தெரியாமல் தங்கியிருக்கக்கூடும். அந்தக் காலமெல்லாம் மனிதர் கடை நடத்துவார், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வைப்பார். பிறகு ஒருநாள் வயிற்றில் நீர் கோத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்பொழுது, ஈரல் சுருங்கிவிட்டது என்றோ, புற்றுநோய் கண்டுவிட்டது என்றோ வைத்தியர் சொல்வார். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 25 கோடியே 40 இலட்சம் பேர் பி வகையுடனும், 5 கோடிப் பேர் சி வகையுடனும் வாழ்ந்து வந்தனர். அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஈரல் அழற்சிக் கிருமிகளால் 13 இலட்சம் பேர் மாண்டனர். இவர்களில் மிகப் பலர் தமக்கு நோய் இருப்பதையே அறியாமல் இருந்தவர்கள்.

எதனால் பரவும், எதனால் பரவாது

இது வியாபாரிகள் கட்டாயம் கற்கவேண்டிய பகுதி. பி, சி கிருமிகள் ஒரே குவளையில் தேநீர் அருந்துவதால் பரவா. கைகொடுத்து ஸலாம் சொல்வதாலும், தோளோடு தோள் சேர்ந்து தொழுவதாலும், இருமலாலும் தும்மலாலும் பரவா. நம் விருந்துகளில் ஒரே சஹனில் நால்வர் அமர்ந்து உண்கிறோமே, அதனாலும் பரவா.

அவை பரவுவது இரத்தத்தால். முதலாவது, பிரசவ காலத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும். பி வகைக்கு இதுவே பெரிய வழி. இரண்டாவது, ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுவதால். மூன்றாவது, சவரக் கத்தி, பல் துலக்கி, நகவெட்டி, பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் ஊசி ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்வதால். நான்காவது, தாம்பத்திய உறவால். இது பி வகைக்கு அதிகம். பி கிருமி, உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கக்கூடியது என்பதை அறிந்தால், கத்தியைத் துணியில் துடைத்துவிட்டால் போதும் என்று எவரும் எண்ண மாட்டார்.

ஊசியால் வந்த கேட்டுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்லலாம். எகிப்து நாட்டில் 1950கள் முதல் 1980கள் வரை, நத்தைகள் வாழும் நீரிலிருந்து வரும் ஒரு புழு நோயை ஒழிக்கக் கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். எண்ணம் நல்லதே. ஆயினும் ஊசிகளைச் சரிவரச் சுத்தம் செய்யாமல் பலருக்கும் போட்டதனால், உலகிலேயே சி வகை மிகுந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆயிற்று. குஜராத்தில் மோடாசா என்னும் ஊரிலும் 2009ஆம் ஆண்டு உபயோகித்த ஊசிகளை மீண்டும் உபயோகித்ததால் பி வகை பரவிப் பலர் மாண்டனர்.

நம் வழக்கங்களிலும் கத்தி தொடும் இடங்கள் உண்டு. பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்யும்பொழுதும், பெண்பிள்ளைகளுக்குக் காது குத்தும்பொழுதும், இப்போது பலர் விரும்பிச் செய்துகொள்ளும் ஹிஜாமா என்னும் பெக்காம் சிகிச்சையின் பொழுதும் ஆளுக்கொரு புதுக் கத்தி, புது ஊசி என்று கேட்டு வாங்க வேண்டும். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்கள் தலைமுடி களையும்பொழுது, அனுமதி பெற்ற நாவிதரிடம், ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் கத்தியாலேயே செய்துகொள்ளுமாறு சவூதி சுகாதார அதிகாரிகள் அறிவுறுத்தி வருகின்றனர். தெருவோரத்தில் ஒரே கத்தியுடன் நிற்பவரிடம் தலையை நீட்டலாகாது. பயணப் பையில் சொந்தச் சவரக் கத்தி ஒன்றை வைத்துக்கொள்ள எத்தனை காசு ஆகிவிடப் போகிறது!

சாப்பாட்டுக் கடைப் பையனின் விஷயம்

மேற்சொன்ன கூட்டத்தில் இரத்தம் சோதித்தவர்களில் ஒருவன், நமக்கு அறிமுகமான ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடும் பையன். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு பி வகை இருப்பதாகத் தெரிந்தது. செய்தி எப்படியோ முதலாளியின் காதுக்கு எட்டிவிட்டது. அவர் என்னிடம் வந்து, "காமாலைக்காரன் மாவு பிசைந்தால் யார் சாப்பிடுவார்கள்? கணக்கை முடித்து அனுப்பிவிடலாமா?" என்று கேட்டார். அவர் கல் நெஞ்சர் அல்லர், பயந்தவர். ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

இருவருமாக அந்த மாணவர்களுடன் வந்திருந்த வைத்தியரைப் போய்க் கண்டோம். அவர் சொன்னது இதுதான்: "மாவு பிசைவதால் பி வகை வராது. கையில் வெட்டுக் காயம் பட்டால் கட்டுப் போட்டு உறை அணியட்டும். அது எல்லாச் சமையற்காரருக்கும் உள்ள சட்டந்தான். நீங்கள் பயப்பட வேண்டியது ஏ வகைக்கும் டைபாய்டுக்கும். அவைதாம் கழுவாத கையால் சோற்றில் ஏறுபவை." உணவு கையாளுகிறவர்கள் டைபாய்டுத் தடுப்பூசி போடவேண்டும் என்று இந்நாட்டில் விதி இருப்பதும் அதனால்தான். பையன் இன்றும் அங்கேயே வேலை செய்கிறான். மலாக்கா ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் போய் வருகிறான்.

அன்று அவனை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் வேலை போனதை அறிந்த மற்றத் தொழிலாளிகள் எவரும் இனிச் சோதனைக்கு விரல் நீட்ட மாட்டார்கள். நோய் ஒளிந்துகொள்ளும், ஒளிந்த நோய் பரவும். ஒரு முதலாளியின் பயம் ஓர் ஊரின் கண்ணைக் கட்டிவிடும் என்பதை அன்று கண்டேன்.

1989 என்னும் ஆண்டு

பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. தைவான் 1984ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கிற்று. பின்னர் அங்கே பள்ளிப் பருவப் பிள்ளைகளிடையே ஈரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. புற்றுநோயை ஊசியால் தடுக்கலாம் என்பதற்கு உலகம் கண்ட முதல் அத்தாட்சி அதுவே. மலேசியாவில் 1989ஆம் ஆண்டு முதல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இவ்வூசி போடப்படுகிறது. முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடவேண்டும். தாயிடமிருந்து பிறக்கும்பொழுதே கிருமி தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்கும். ஆகவேதான் அந்த அவசரம்.

இப்பொழுது கணக்குப் பாருங்கள். 1989க்கு முன் பிறந்தவர் யார்? கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மில் பெரும்பாலோர்! நம் பிள்ளைகளுக்குக் காப்பு உண்டு, நமக்கு இல்லை. இன்னொரு விசித்திரத்தையும் கேளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளியை வேலைக்கு எடுக்கும்பொழுது, அனுமதிக்கான வைத்தியப் பரிசோதனையில் பி வகைச் சோதனையும் அடங்கியிருக்கிறது. அதற்குப் பணம் கட்டுகிறவர் முதலாளி. ஆளைச் சோதித்து எடுக்கும் முதலாளி தம்மைச் சோதித்துக்கொண்டதுண்டா? என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி இது. விடை, இல்லை என்பதே.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் நானும் சோதித்துக்கொண்டேன். கிருமி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பின்னர் வைத்தியர் பார்த்ததில் காப்பும் இல்லை. ஆறு மாதத்தில் மூன்று ஊசி போட்டுக்கொண்டேன்.

கீழாநெல்லியின் கதை

நாட்டு மருந்துச் சரக்கும் விற்கிற கடைக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் தமிழகத்தின் பழைய கைவைத்தியம். இதை விஞ்ஞானிகள் அலட்சியம் செய்துவிடவில்லை. சென்னையில் டாக்டர் தியாகராஜனும் அவருடைய கூட்டாளிகளும் பி வகைக் கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 1988ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வரும் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 59 பேருக்கும், வெறும் மாற்றுத் தூள் உண்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று எழுதினார்கள். அந்த ஆய்வில் பங்குகொண்டவர் யார் தெரியுமா? பி வகைக் கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கரான டாக்டர் பாருக் பிளம்பெர்க்!

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பின்னர் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை. ஆகவே இன்றுவரை கீழாநெல்லி பி வகையைக் குணப்படுத்தும் என்று நிரூபணமாகவில்லை. பின் ஊரில் பலருக்குக் குணமாயிற்று என்கிறார்களே எனில், ஏ வகைக் காமாலை சில வாரங்களில் தானே இறங்கக்கூடியது. அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் அதற்கே புகழ் போய்ச் சேரும். பி வகையிலும் கண்ணின் மஞ்சள் மறையும். கிருமியோ உள்ளே இருக்கும். பொட்டலம் கட்டிக் கொடுக்கும் நாம், "இதைக் குடியுங்கள், போதும்" என்று சொல்லலாகாது. "முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள்" என்று சொல்லவேண்டும். ஒரு பொட்டல இலாபத்துக்காக ஒரு குடும்பத்தின் காலத்தை விரயம் செய்த பழி நமக்கு வேண்டாம்.

மருந்தும் விலையும்

பி வகையை முற்றிலும் ஒழிக்கும் மருந்து இன்னும் பொதுவாகக் கிட்டவில்லை. ஆயினும் வேண்டியவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை கொடுத்துக் கிருமியை அடக்கி வைக்கலாம், ஈரலைக் காப்பாற்றலாம். எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. வைத்தியரின் கண்காணிப்பு எல்லோருக்கும் தேவை.

சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் குணம் உண்டு. மாத்திரைகளைச் சுமார் மூன்று மாதம் உட்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்கள் முற்றிலும் குணமடைகிறார்கள். அந்த மருந்தின் விலையில் நம்போன்ற வியாபாரிகளுக்கு ஒரு செய்தி உண்டு. சோஃபோஸ்புவிர் என்னும் மருந்து 2013இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைத்தார்கள். மாத்திரை ஒன்று ஆயிரம் டாலர்! 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் மலேசிய அரசாங்கம், மக்கள் நலத்துக்காகக் காப்புரிமையைத் தாண்டி மலிவான மருந்தை வரவழைக்கும் சட்ட அதிகாரத்தை உபயோகித்தது. 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இச்சிகிச்சை இலவசமாயிற்று. எகிப்தியக் கம்பெனியொன்றுடன் சேர்ந்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த ரவிடாஸ்விர் என்ற புது மருந்தும் 2021இல் இங்கே பதிவாயிற்று. அச்சோதனையில் நூற்றுக்கு 97 பேர் குணமடைந்தனர்.

மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. நோயாளி தோட்டத்திலும் கடையிலும் இருக்கிறார். இரண்டையும் சேர்த்துவைக்க ஆள் வேண்டும். அந்த வேலையைத்தான் மாணவர்கள் செய்கிறார்கள்.

மாணவர் தொண்டு

மேலே சொன்ன டாக்டர் பிளம்பெர்க் பிறந்த தினம் ஜூலை 28. அந்நாளையே உலக ஹெப்பாட்டைட்டிஸ் தினமாகக் கொள்வது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2010இல் தீர்மானித்தது. மாணவர் கூட்டங்கள் ஜூலையில் நடப்பதன் காரணம் இதுவே.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஆசியாவிலிருந்து குடியேறியவர்களிடையே பி வகை மற்றவர்களைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. அதை வெளியே சொன்னால் வேலை போகும், கலியாணம் தடைப்படும் என்று மறைத்து வந்தார்கள். அங்கே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் சாமுவேல் சோ என்பவர் 1996இல் ஆசிய ஈரல் நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். 2001இல் பச்சை நிற நாடாவைச் சின்னமாகக் கொண்டு ஓர் இயக்கம் தொடங்கிற்று. மாணவர்கள் பயிற்சி பெற்று, தம் மக்களின் சொந்த மொழியிலேயே அவர்கள் கூடும் இடங்களில் பேசினார்கள். பெரிய வைத்தியரிடம் கேட்கக் கூசும் தாய்மார்கள், தம் பேத்தி வயதுப் பெண்ணிடம் கூசாமல் கேட்டார்கள்.

அதையே நான் நம் பக்கத்துத் தோட்டத்திலும் கண்டேன். ஒரு மாணவி, லயத்துப் பாட்டியொருவரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "பாட்டி, பழைய காலத்தில் ரத்தம் ஏற்றினார்களா? பிள்ளைப்பேறு வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?" என்று நிதானமாகக் கேட்டாள். சி வகைக் கிருமி இன்னதென்று தெரிந்ததே 1989இல்தான். அதற்கு முன் ஏற்றிய இரத்தத்தை அதற்காகச் சோதிக்க வழியில்லை. ஆகவே அக்கேள்வி வெறும் குசலமன்று. பாடம் படித்த கேள்வி.

ஆனால் மாணவர் வருவது ஒருநாள்; மேஜையை மடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வருஷம் முழுவதும் அங்கே இருப்பது நம் கடை. அசகானிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும், தோட்டத்து ஜனங்கள் சம்பள நாளில் வந்து நிற்பது நம் வாசலில்தான். "உடம்பு சரியில்லை பாய், என்ன செய்யலாம்?" என்று முதலில் கேட்பதும் நம்மிடந்தான். ஆகவே நாம் செய்யவேண்டியவை வருமாறு:

1. 1989க்கு முன் பிறந்தவர்களும், பழைய காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், குடும்பத்தில் ஈரல் நோய் கண்டவர்களும் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை சோதித்துக்கொள்வோம். விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தமே முதற் சோதனைக்குப் போதும்.

2. முதற் சோதனையில் சி வகை என்று காட்டினால் பயந்து ஓடாமல், கிருமி இன்னும் இருக்கிறதா என்பதை அறியும் இரண்டாம் சோதனைக்கும் போவோம். சிலருக்குக் கிருமி தானே அகன்றிருக்கும்.

3. பி வகைக்குக் காப்பு இல்லையெனில் மூன்று ஊசிகளையும் முடிப்போம். பாதியில் நிறுத்தக்கூடாது.

4. தொழிலாளிக்கு நோய் என்று தெரிந்தால் வேலையை விட்டு நீக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போக விடுமுறை கொடுப்போம். அவன் இரகசியத்தைக் காப்போம்.

5. சாப்பாட்டுக் கடைகளில் கை கழுவச் சோப்பும் நீரும் குறையாமல் வைப்போம்.

6. மாணவர் வந்து இடம் கேட்டால் ஐந்தடியில் ஒரு மேஜை போட இடமும், குடிக்கத் தேநீரும் கொடுப்போம்.

நான் மறுத்த அந்த விளம்பரத் தாளைப் பின்னர் கேட்டு வாங்கி, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். அதைக் கண்டு சாமான் வாங்காமல் திரும்பிப் போனவர் ஒருவரும் இல்லை. "இது என்ன பாய்?" என்று கேட்டவர்கள்தான் உண்டு. அவர்களில் நால்வர் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். நம் ஜில்லாவில் உள்ள ஒவ்வொரு கடைக்காரரும் நால்வரை அனுப்பினால் எத்தனை குடும்பங்கள் தப்பும் என்பதைக் கணக்கில் தேர்ந்த சகோதரர்கள் தாங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்வார்களாக.